பினாங்குக்குப் போன கவுஞ்சிப் பூண்டு

கவுஞ்சி
12.1.2025

அன்புள்ள தாரணிக்கு,

மதினி எழுதுகிறேன். நீயும் தம்பி ஞானவேலும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணனுக்கு மட்டும் முழங்கால் வலி. அதுவும் தோட்டத்துக்கு வாங்க என்று கூப்பிட்டால்தான் வலிக்கிறது. டீக்கடைக்கு நடக்கும்போது ஒன்றும் தெரிவதில்லை. இந்த வருஷம் பனி கூடுதல். விடிந்து பார்த்தால் பூண்டுத் தாளெல்லாம் வெள்ளை பூத்து நிற்கிறது.

போன் இருக்கும்போது மதினி எதற்குக் காகிதத்தை எடுத்தாள் என்று நினைப்பாய். மேகம் இறங்கினால் இங்கே டவரும் படுத்துவிடுகிறது. தவிர, நீ போனில் சொல்வதை நான் போய் நம் மகளிர் குழுப் பெண்களிடம் சொல்வதற்குள் பாதி மறந்துபோகிறது. கந்தம்மாள் வேறு, "இது தாரணி சொன்னதா, நீயாச் சேத்துக்கிட்டதா?" என்று கேட்டு என் மானத்தை வாங்குகிறாள். எழுத்தில் இருந்தால் எல்லோரும் உட்கார்ந்து வாசித்துக்கொள்வோம்.

விஷயத்துக்கு வருகிறேன். கீழேயிருந்து வரும் பூண்டு வியாபாரியை இந்தப் போகத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். போன தடவை மூட்டையை எல்லாம் ஏற்றி முடித்த பிறகு விலையைக் குறைத்தார். கேட்டதற்கு, "இஷ்டமில்லேன்னா எறக்கிக்கங்க" என்றார். கொட்டுகிற மழையில் எங்கே இறக்குவது? அன்றைக்கு எரிந்த வயிறு இன்னும் ஆறவில்லை.

பினாங்கில் மளிகைக்கடை வைத்திருக்கும் நம் ஆள் ஒருவர் பழநிக்குக் காவடி எடுத்து வந்தவர், பூம்பாறைக்கும் வந்து சாமி கும்பிட்டுவிட்டு நம் குழு வேலுத்தாயிடம் கொஞ்சம் பூண்டு வாங்கிப் போனார். இப்போது அந்த மணமும் காரமும் அங்கே கிடைக்கும் பூண்டில் இல்லை, மூட்டையாக அனுப்ப முடியுமா என்று கேட்கிறார். நீ வேலை பார்ப்பது கப்பலுக்குச் சரக்கு அனுப்பும் ஆபீஸ்தானே? என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒன்றுவிடாமல் எழுது.

என் பேச்சை நம்பித்தான் எல்லோரும் வியாபாரியை விட்டிருக்கிறார்கள். இது கோணிப்போனால் அவர் எங்கள் வாசலை மிதிக்கமாட்டார். பூண்டு பரணிலேயே கிடக்கும். நான் ஊருக்குள் தலை காட்ட முடியாது.

கப்பலில் போகிற பூண்டுக்குப் பாஸ்போர்ட் உண்டா என்று உன் அண்ணன் கேட்கச் சொன்னார். நக்கல்தான், வேறென்ன.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
மதினி பொன்னுத்தாய்


தூத்துக்குடி
24.1.2025

அன்பு மதினிக்கு,

தாரணியின் வணக்கம். நானும் அவரும் நன்றாக இருக்கிறோம். அவர் உப்பு லாரியிலேயே அலைந்து இன்னும் ஒரு சுற்று கறுத்துவிட்டார். ஆபீஸ் முகவரிக்கு எழுதியது நல்லதாயிற்று. வீட்டுத் தபாலை மாடிப்படியில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், கிடைத்தால் உண்டு. இனியும் இங்கேயே எழுதுங்கள்.

அண்ணனிடம் சொல்லுங்கள், பூண்டுக்கும் பாஸ்போர்ட் உண்டு. பயிர் நலச் சான்று என்று பெயர். அரசாங்க அதிகாரி வந்து மூட்டையைத் திறந்து பார்த்து, பூச்சி புழு இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் அந்த நாட்டில் இறக்க விடமாட்டார்கள். அடுத்தது ஏற்றுமதி நம்பர். குழுவின் பெயரில் பான் கார்டும் பேங்க் கணக்கும் ஒழுங்காக இருந்தால் அதை வாங்கிவிடலாம். ஆனால் நம் குழுவுக்குப் பான் கார்டே இல்லை, இந்தப் போகத்துக்குள் முடியாது. அதனால் எங்கள் முதலாளியிடம் பேசினேன். இந்த ஒரு தடவை அவர் நம்பரிலேயே அனுப்பித் தருகிறேன் என்கிறார். "ஒங்க ஊருச் சரக்கு, ஒம் பொறுப்பு. ஏதாவதுன்னா நோட்டீஸ் எம்பேருக்குத்தான் வரும், பாத்துக்க" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

இனி எழுதுவதைக் கந்தம்மாள் அக்காவுக்குக் கேட்கும்படி சத்தமாக வாசியுங்கள். எல்லாவற்றையும்விடப் பெரிது மண். ஒரு பூண்டில் நகக்கண் அளவு மண் இருந்தாலும் மொத்தச் சரக்கையும் நிறுத்திவிடுவார்கள். நம் மலை மண்ணில் நூல் மாதிரி ஒரு புழு இருக்கிறது. உருளைக்கிழங்கு வேரில் உட்கார்ந்து தின்னும், கண்ணுக்குத் தெரியாது. அது மண்ணோடு கடல் தாண்டிப் போனால் அங்கே இருக்கிற விவசாயி பிழைப்பு என்னாவது? நம்மை வதைப்பதற்காக வைத்த சட்டம் இல்லை மதினி, அவர்களும் நம்மைப் போலக் காட்டை நம்பி இருப்பவர்கள்தான்.

வேரை ஒட்ட நறுக்குங்கள். துணியால் துடைக்கலாம், தண்ணீர் மட்டும் படவே கூடாது. கழுவினால் கப்பலிலேயே அழுகிவிடும். பரணில் புகை போட்டுக் காய வைப்பதை எப்போதும்போலச் செய்யுங்கள். பழைய சாக்கு வேண்டாம், உரச்சாக்கு வேண்டவே வேண்டாம். புதுச் சணல் சாக்கு நான் அனுப்புகிறேன். முளை விட்டது, மண்வெட்டி பட்டது எல்லாம் வீட்டு ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பயப்படாதீர்கள். சரக்கு இங்கே வந்துவிட்டால் மற்றது என் பாடு.

அன்புடன்
தாரணி


கவுஞ்சி
10.3.2025

அன்புள்ள தாரணிக்கு,

நாங்கள் எல்லோரும் நலம், முதுகு மட்டும் யாருக்கும் நேராக நிற்கவில்லை. நீயும் தம்பியும் வெயிலில் அலையாமல் மோர் குடித்துக்கொண்டு இருங்கள்.

உன் கடிதத்தை நாங்கள் வாசித்த வாசிப்பில் மடிப்பெல்லாம் கிழிந்துவிட்டது. பூண்டுப் பல் சந்துக்குள் இருக்கும் மண் துணிக்கு வரவில்லை. வேலுத்தாய் கொடைக்கானலுக்குப் போய்க் கடைக்காரரிடம் டூத் பிரஷ் மொத்தமாகக் கேட்டாள். "என்னம்மா, ஊருல எல்லாருக்கும் ஒரே நாள்ல பல்லு மொளச்சிருச்சா?" என்று கேட்டிருக்கிறார். பிரஷ்ஷை வைத்து ஒவ்வொரு பூண்டாகத் தேய்த்தோம். உன் அண்ணன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்னைய இப்பிடி ஒரு நாளாச்சும் தேச்சு விட்டுருக்கியா?" என்றார். "நீங்க கப்பல் ஏறுறதா இருந்தாச் சொல்லுங்க, தேச்சு விடுறேன்" என்றேன். பிறகு அவரே ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வலியைக் காணோம்.

இன்றைக்குக் காலையில் வெள்ளனே லாரி கிளம்பிவிட்டது. முறைகளிலும் ஒரு குறை வைக்கவில்லை. முதல் பூண்டு பிடுங்கிய மூலையில் காட்டுக் காப்பு எடுத்து, பூம்பாறை வேலப்பர் கோயில் திருநீறு கலந்து, மஞ்சள் துணியில் முடிந்து, மூட்டைக்கு ஒன்றாக நடுவில் வைத்துத்தான் தைத்தோம். மண்டிக்குப் போகும் மூட்டைக்கே வைக்கிறோம், கடல் தாண்டுகிற மூட்டையைக் காப்பு இல்லாமல் அனுப்ப மனசு வருமா? கந்தம்மாள் லாரிக்குப் பின்னால் சாலை வளைவு வரைக்கும் அழுதுகொண்டே நடந்தாள். மகளைக் கட்டிக்கொடுத்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை.

போய்ச் சேர்ந்ததும் எழுது. அதுவரைக்கும் எங்களுக்குத் தொண்டையில் சோறு இறங்காது.

உன் மதினி
பொன்னுத்தாய்


தூத்துக்குடி
29.3.2025

அன்பு மதினிக்கு,

வணக்கம். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே எல்லோரும் சுகம்தானே? முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சரக்கு நேற்றுக் கப்பல் ஏறிவிட்டது. இனிச் சொல்வதைப் பதறாமல் வாசியுங்கள்.

அதிகாரி சோதனைக்கு வந்த அன்று நானும் கிடங்கில் நின்றேன். பூண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "யாரும்மா சுத்தம் பண்ணது? கண்ணாடி மாதிரி இருக்கே" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு மூட்டைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டார். வெளியே எடுத்தபோது மஞ்சள் முடிச்சு வந்தது.

"இது என்னம்மா?"

"காப்பு சார்."

அவிழ்த்து உள்ளங்கையில் கொட்டினார். கறுப்பு மண், நம் காட்டு மண். அதைப் பார்த்த பிறகுதான் மதினி எனக்கு உறைத்தது. உங்கள் கடிதம் லாரிக்கு மறுநாளே வந்துவிட்டது. காப்பு வைத்தோம் என்று நீங்கள் எழுதியிருந்ததை வாசித்து எனக்குக் கண் கலங்கியது. கலங்கியதே தவிர, அது மண் என்று தோன்றவே இல்லை. நாள் முழுக்க இந்தச் சட்டத்தைத்தான் டைப் அடிக்கிறேன். ஆனாலும் நான் கவுஞ்சிக்காரிதானே.

சாமிக்காக வைத்தது என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. "சாமி மண்ணு, சும்மா மண்ணுன்னு புழுவுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டுவிட்டு, சரக்கை நிறுத்தி எழுதிவிட்டுப் போய்விட்டார். அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எல்லா மூட்டையையும் பிரித்துக் கொட்டினோம். என் வீட்டுக்காரரும் லாரிக்கு லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். திருநீறும் மண்ணும் சிந்தியிருந்த பூண்டை எல்லாம் மறுபடி துடைத்து, புதுச் சாக்கில் கட்டி, மறு சோதனைக்குக் காட்டிச் சான்று வாங்கினோம். அதற்குள் பழைய கப்பல் போய்விட்டது. பினாங்குக் கடைக்காரர் பெருந்தன்மையாக, அடுத்த கப்பலில் வரட்டும் என்றார்.

முதலாளிக்கு நோட்டீஸ் வந்தது. நான் பேசிக்கொண்டேன், அதைப் பற்றி உங்களுக்குக் கவலை வேண்டாம். அடுத்த தடவை காப்பு வைக்காதீர்கள். அது போதும்.

தாரணி


கவுஞ்சி
9.4.2025

அன்புள்ள தாரணிக்கு,

இங்கே மழை பிடித்துக்கொண்டது, மற்றபடி சுகம். உங்கள் சுகத்துக்கு எழுது.

உன் கடிதத்தை வாசித்ததும் கந்தம்மாள் சண்டைக்கு வந்துவிட்டாள். "அது மண்ணாடி? அது காப்பு! காப்புல எங்கடி புழு இருக்கும்?" என்று ஒரே பிடிவாதம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு தனியாகக் காட்டு மூலைக்குப் போய்க் கொஞ்சம் அள்ளிப் பார்த்தேன். மண்தான் தாரணி. இத்தனை வருஷமாக அள்ளியிருக்கிறேன், அன்றைக்குத்தான் அதை மண் என்று பார்த்தேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிரஷ் வாங்கித் தேய்த்த புத்திசாலிகள் கடைசியில் மண்ணையே முடிந்து அனுப்பியிருக்கிறோம், போ!

இனிக் காப்பைக் காட்டு எல்லையிலேயே மரத்தில் கட்டுவது என்று பேசி முடித்துவிட்டோம். கந்தம்மாளும் கடைசியில் தலையாட்டினாள்.

முதலாளியிடம் என்ன பேசினாய், அவர் என்ன சொன்னார்? அதை நீ எழுதவே இல்லை. உடனே எழுது.

மதினி


கவுஞ்சி
2.6.2025

அன்புள்ள தாரணிக்கு,

சுகமா? சுகம் என்று ஒரு வரி எழுதக்கூடக் கை வரவில்லையா உனக்கு? போனில் கூப்பிட்டால், "நல்லாருக்கேன் மதினி, சோலியா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். உன் குரலும் சரியில்லை.

நல்ல சேதி சொல்கிறேன், இதற்காவது பதில் எழுது. பூண்டுக்கான பணம் பேசினபடி குறையாமல் வந்துவிட்டது. வேலுத்தாய் வீட்டுக் கூரைக்குத் தகரம் போட்டுவிட்டாள். பினாங்குக்காரர் அடுத்த போகத்துக்கும் கேட்கிறார். பழைய வியாபாரி வந்து, "என்ன தாயிகளா, என்னைய மறந்துட்டீகளே" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனார். கேட்கக் குளிர்ச்சியாக இருந்தது. பூண்டு நட்டாயிற்று, செப்டம்பரில் பிடுங்குவோம். உங்கள் ஆபீஸ் நம்பரிலேயே இன்னொரு தடவை அனுப்பலாமா என்று முதலாளியிடம் கேட்டு எழுது.

இங்கே ஒவ்வொருத்தியும் சாப்பிட உட்காரும்போது உன் பேரைச் சொல்கிறாள். உனக்குப் புரை ஏறியே இருக்கும்.

மதினி பொன்னுத்தாய்


கவுஞ்சி
20.6.2025

தம்பி ஞானவேலுக்கு,

அக்கா எழுதுவது. நீங்கள் சௌக்கியமாக இருக்க வேண்டும். தாரணி ஆபீசுக்குக் கடைசியாக நான் போட்ட கடிதம் என்னிடமே திரும்பி வந்துவிட்டது. மேலே சிவப்பு மையில், "இவர் இங்கு பணியில் இல்லை" என்று எழுதியிருக்கிறது. உங்கள் மச்சானிடம் இன்னும் காட்டவில்லை. அவளைக் கேட்டால் மழுப்புவாள். நீங்கள் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

அக்கா
பொன்னுத்தாய்


தூத்துக்குடி
28.6.2025

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

ஞானவேல் வணக்கம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மச்சானைச் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள். நாங்கள் இருக்கிறோம்.

ஏப்ரல் மாதம் பிறந்ததுமே அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் அக்கா. நோட்டீசைப் பார்த்ததும் அந்த முதலாளி, இனி மலைக்காரர்கள் சரக்கைத் தொடமாட்டேன், குழுவின் பெயரைக் கறுப்புப் பட்டியலில் எழுதி மற்ற ஆபீசுகளுக்கும் சொல்லிவிடுவேன் என்று குதித்திருக்கிறார். அப்போது சரக்கு கிடங்கில்தான் கிடக்கிறது. இவள், "அவங்க மேல தப்பு இல்ல சார். காப்பு வைக்கக்கூடாதுன்னு நாந்தான் சொல்லாம விட்டேன். என்னைய நிறுத்திக்கோங்க, சரக்க ஏத்தி விடுங்க" என்று சொல்லிவிட்டாள். அவரும் சரி என்றுவிட்டார். உங்கள் பூண்டு ஏறின கப்பல் அப்படித்தான் ஏறியது. அடுத்த வாரமே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள்.

இப்போது ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறாள். கப்பல் ஆபீஸ் வேலையைப் பற்றி வீட்டில் பேச்சே எடுப்பதில்லை. துறைமுகப் பக்கம் போக வேண்டி வந்தாலும் சுற்றிக்கொண்டு போகிறாள். அந்த வேலை அவளுக்கு உயிர் அக்கா, உங்களுக்குத் தெரியாததா? உங்களிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். நான் எழுதிவிட்டேன். தெரிந்தால் இரண்டு நாள் பேசமாட்டாள், பரவாயில்லை.

இப்படிக்கு
ஞானவேல்


கவுஞ்சி
6.7.2025

தாரணிக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. உன்னை யாரடி கேட்டது? எங்கள் மேல் வந்த பழியைத் தூக்கி உன் தலையில் வைத்துக்கொள்ள உனக்கு யார் உரிமை கொடுத்தது? தம்பி சொல்லிவிட்டார். அவரிடம் முகத்தைத் தூக்காதே, தூக்கினால் நான் அங்கே வந்துவிடுவேன்.

தகரம் போட்ட வீட்டைப் பார்க்கிறேன், சந்தோஷமாக எழுதின கடிதத்தை நினைக்கிறேன், எனக்கு அழுகையாக வருகிறது. நீ வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது இங்கே நாங்கள் கெடா வெட்டிச் சாப்பிட்டிருக்கிறோம் தாரணி. உன் அண்ணன் விஷயத்தைக் கேட்டதில் இருந்து சரியாகச் சாப்பிடவில்லை. "சின்ன வயசுலயும் அவ இப்பிடித்தான், யாரு அடி வாங்கப் போனாலும் முன்னாடி போயி நிப்பா" என்கிறார்.

குழுவைக் கூட்டி விஷயத்தைச் சொல்லி, முதலாளிக்கு உண்மையை எழுதுவோம் என்றேன். வேலுத்தாய், "உண்மையச் சொன்னா அடுத்த லோடு போகாதே மதினி. பூண்டு மண்ணுக்குள்ள கெடக்கே, யாரு வாங்குவா?" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, அவளுக்குக் கடன் உண்டு. அப்புறம் கந்தம்மாள் எழுந்தாள். "நம்ம பூண்டு விக்கிறதுக்கு அந்தப் புள்ள வயித்துல அடிக்கணுமாக்கும்? எழுது பொன்னுத்தாயி, நாந்தான் காப்ப முடிஞ்சேன்னு எம்பேர மொதல்ல எழுது" என்றாள். வேலுத்தாயே காகிதம் எடுத்துவந்தாள்.

முதலாளிக்கு எழுதிவிட்டோம். மண்ணை வைத்தது நாங்கள், சாமிக்காக வைத்தோம், தாரணி வைக்கச் சொல்லவில்லை, மண் கூடாது என்று எழுதியும் இருந்தாள் என்று எல்லோரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்து ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பியாயிற்று. எங்கள் பூண்டை அவர் தொடாவிட்டால் போகிறார். உன் நாற்காலி உனக்குத் திரும்ப வர வேண்டும்.

மதினி


தூத்துக்குடி
24.7.2025

அன்பு மதினிக்கு,

எல்லோருக்கும் என் வணக்கம். அண்ணனைச் சாப்பிடச் சொல்லுங்கள், நான் நன்றாக இருக்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்ததும் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். போனேன். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். கெட்டவர் இல்லை மதினி, பயந்த மனிதர். நாளைக்கே வந்து வேலையில் சேர், நீ போன பிறகு டாக்குமெண்ட் எல்லாம் தாறுமாறாகக் கிடக்கிறது என்றார். சந்தோஷத்தில் டீயைக் கையில் எடுத்தேன். அப்புறம் ஒரு காகிதத்தை நீட்டினார். நோட்டீசுக்கு அனுப்பும் பதிலில் நான் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம்.

'மேற்படி குழுவினர் மூட்டைகளுக்குள் மண்ணை மறைத்து வைத்து நிறுவனத்தை ஏமாற்றியதால்' என்று டைப் அடித்திருந்தது.

"சார், மறைச்சு வைக்கல சார். வழக்கம்னு வச்சாங்க. எனக்குக் கடிதத்துலயே எழுதியிருந்தாங்க, நாந்தான் கவனிக்கல. அப்படியே போடுங்க சார், கையெழுத்துப் போடுறேன்" என்றேன்.

"அப்படிப் போட்டா, தெரிஞ்சும் ஏன் பாக்கலன்னு என்னையில்லம்மா கேப்பாங்க? ஒரு வார்த்தைதானே, ஒனக்கு என்ன போகுது?"

"ஒரு வார்த்தைதான் சார். மாத்திருங்க."

அவர் மாற்றவில்லை. கந்தம்மாள் அக்கா முதல் கையெழுத்தாகப் போட்டு அனுப்பிய கடிதம் அவர் மேசையில்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நீங்கள் ஏமாற்றினீர்கள் என்று எழுத என்னால் ஆகவில்லை. டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன். வீட்டில் அவரிடம் சொன்னேன். "சரி, இங்க ஒரு டீ போடட்டா?" என்று கேட்டார். அப்போதுதான் அழுதேன்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் செப்டம்பர் பூண்டாவது போயிருக்கும். இப்போது என் வேலையும் இல்லை, உங்கள் லோடும் இல்லை. யாருக்கு என்ன லாபம் மதினி? பழைய வியாபாரியிடம் இப்போதே பேசி வையுங்கள், கடைசி நேரத்தில் போனால் இன்னும் மட்டம் தட்டுவார்.

தாரணி


கவுஞ்சி
17.8.2025

அனுப்புநர்:
பொன்னுத்தாய், தலைவி,
மலைப்பூண்டு மகளிர் குழு, கவுஞ்சி.

பெறுநர்:
திருமதி தாரணி ஞானவேல், தூத்துக்குடி.

பொருள்: வேலைக்கு வரச் சொல்லி.

அம்மா,

எல்லோரும் நலம், உங்கள் நலத்துக்கும் வேண்டுகிறோம். வேலைக்கு ஆள் எடுக்கும் கடிதத்தில் சுகம் விசாரிக்கக்கூடாது என்று உன் அண்ணன் சொல்கிறார். அவர் கிடக்கிறார்.

நீ கோபமாக எழுதின கடிதத்தையும் குழுவில் சத்தமாகத்தான் வாசித்தேன். 'மாற்றிவிடுங்கள்' என்று நீ சொன்ன இடம் வந்தபோது கந்தம்மாள் திரும்ப வாசிக்கச் சொன்னாள். மூன்றாவது தடவையும் கேட்டாள். யாரும் யாரையும் பார்க்க முடியவில்லை.

அன்றைக்கே பழைய வியாபாரியிடம் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். முதல் லோடு போனதுமே குழு பேருக்குப் பான் கார்டு கேட்டு எழுதியிருந்தோம், வந்துவிட்டது. பேங்க் கணக்கை ஒழுங்கு பண்ண உன் அண்ணன் கொடைக்கானலுக்கு நடையாய் நடந்தார். அங்கே கம்ப்யூட்டர் சென்டரில் இருக்கிற பெண் ஏற்றுமதி நம்பருக்குப் போட்டுக் கொடுத்தாள். நேற்று அதுவும் வந்துவிட்டது. நம் குழு பேருக்கு, நம் சொந்த நம்பர். வேலுத்தாய் அதைத் தன் தகரத்தில் பெயிண்டால் எழுத வேண்டும் என்கிறாள்.

பினாங்குக்காரரிடமும் மறைக்கவில்லை, நடந்ததை எல்லாம் சொன்னேன். "மண்ணு இல்லாம அனுப்புங்கம்மா, வாங்கிக்கிறேன்" என்றார்.

ஆனால் மலையில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் எப்படிக் கப்பல் ஏற்றுவது? அதிகாரி மூட்டையைத் திறக்கும்போது பக்கத்தில் நிற்க, அவர் கேட்பதற்குப் பதில் சொல்ல, எங்களுக்குத் துறைமுகத்தில் ஒரு ஆள் வேண்டும். ஆகவே இன்று முதல் உன்னைக் குழுவின் வேலைக்கு எடுத்திருக்கிறோம். அந்த ஆபீஸ் சம்பளம் எங்களால் முடியாது, பாதிகூட வராது. ஜெராக்ஸ் கடையை இப்போதைக்கு விட்டுவிடாதே. பூண்டு கூடக்கூடச் சம்பளமும் கூடும். பூண்டு வீட்டுக்கு இலவசம்.

நிபந்தனை ஒன்றுதான். குழுவின் மேல் வரும் பழியைக் குழுவைக் கேட்காமல் நீ எடுத்துக்கொள்ளக்கூடாது. எடுத்தால் வேலையை விட்டு நிறுத்தமாட்டோம். நேரில் வந்து அடிப்போம்.

உன் அண்ணனும் இதில் கையெழுத்துப் போடுவேன் என்று பேனாவோடு நின்றார். இது மகளிர் குழு, ஆம்பளைக் கையெழுத்து செல்லாது என்று சொல்லிவிட்டோம். மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு பிரஷ் வாங்கப் போயிருக்கிறார்.

சம்மதமா என்று நாங்கள் கேட்கவில்லை. செப்டம்பர் கடைசியில் லாரி வரும். போய் நில்லு.

இப்படிக்கு
கந்தம்மாள்
வேலுத்தாய்
பொன்னுத்தாய்
மற்றும் கைநாட்டு வைத்தவர்கள்